பால் ஒரு மாதிரியா இருக்கு

என் தங்கை புருஷனை உலையில் வைத்துச் சாம்பலாக்க முடிவு செய்ததற்காக அந்த அலுவலகத்தில் யார் மேலும் நான் கோபப்பட முடியாது. எல்லாரும் அவரவர் வேலையைத்தான் பார்த்தார்கள். அதையும் மிக மரியாதையாகப் பார்த்தார்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னார்கள், அதன் பிறகுதான் உலையை மூட்டினார்கள். நான் கூடவே இருந்து பார்த்தவன். நான் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. எந்தப் பாதி என்பதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு ரொட்டிக்கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் அடுப்பு, மேலே வீடு. மாவும் அடுப்பும் அவர் பொறுப்பு. கல்லாவும் அவரும் என் தங்கை பொறுப்பு. அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே சொல்தான்: “சரி.” வாடகையை ஏற்றப் போகிறேன் என்றாலும் சரி. நேற்று வாங்கிய ரொட்டி கல்லாக இருந்தது என்றாலும் சரி. இந்தச் சரியைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல் என் தங்கை தினம் ஒரு தடவையாவது, வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே, கரண்டியை மேசையில் தட்டிக் கத்துவாள்.

“மனுஷன் மாதிரியா இருக்கீங்க? மனுஷன்னா கொஞ்சமாவது ரோஷம் வேணாம்?”

அதற்கும் அவர், “சரி.”

நான் மூலை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த பதவி அதுதான். சம்பளம் கிடையாது, டீ உண்டு.

ஒருநாள் காலை, பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை மாப்பிள்ளை முகர்ந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. “மச்சான், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று என்னிடம் நீட்டினார். திரிந்த பால் என்றால் எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றிய பாலும் தெரியும், அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன். இது இரண்டும் இல்லை. பழைய சாவியைச் சப்பியதுபோல் இருந்தது.

“இதை மாவுல ஊத்தாதீங்க. தின்னவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றாள் தங்கை. “பால் ஆபீசுக்குப் போன் போடுங்க.”

“சரி.”

கடைக்கு எதிர்க் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ‘பால், மழை, காற்று. சந்தேகமா? உடனே அழையுங்கள்.’ பால் முதலில் இருந்ததால் அது பால் ஆபீஸ் என்று மூன்று பேருமே முடிவு செய்தோம். மழைக்கும் காற்றுக்கும் பால் ஆபீஸில் என்ன வேலை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அரசாங்கத்தில் எது எதற்கோ எது எதுவோ பொறுப்பு.

போனில் ஒரு அம்மா எடுத்தார். மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனை எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். எல்லாம் எனக்குக் கேட்டது.

“சொல்லுங்க.”

“மேடம், பால் ஒரு மாதிரியா இருக்கு.”

“ஒரு மாதிரிதான் இருக்கா?”

“ஆமாங்க, ஒரு மாதிரிதான்.”

“ரெண்டு இருந்தா நல்லா இருக்கும்.”

மாப்பிள்ளை யோசித்தார். “வாசனை ஒரு மாதிரி. ருசி ஒரு மாதிரி.”

“அப்ப ரெண்டு இருக்குல்ல! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” அந்த அம்மா சந்தோஷமாக விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் ஒன்றை விளக்கியாக வேண்டும். அது பால் ஆபீஸ் இல்லை. தேசியக் கதிர்வீச்சு மாதிரி சேகரிப்பு வலையமைப்பு. எங்காவது ஓர் அணு உலைக்கு மூக்கு ஒழுகினால், அது காற்றோடு வந்து நம் தலையிலோ தண்ணீரிலோ சிந்தியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் காற்றையும் மழையையும் மண்ணையும் பாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அளக்கிற இடம். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான். எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் ‘மாதிரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காற்று மாதிரி, நீர் மாதிரி, பால் மாதிரி. இந்த நாட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் மூன்றாவது சொல் மாதிரிதான் என்பது பெயர் வைத்தவருக்குத் தெரியவில்லை. அவர் யாரோடும் பேசாமல் எழுத மட்டும் செய்கிற ஆளாக இருந்திருப்பார்.

ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வருவதற்குள் வேன் வந்துவிட்டது. புகார் செய்த அன்றைக்கே வருகிற அரசாங்க வண்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்ட ஒருவர் இறங்கினார். வேன் முழுக்க டப்பா. அவர் பெயரைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை, நாங்கள் டப்பாக்காரர் என்றே வைத்துக்கொண்டோம்.

“மாதிரியை ஒப்படைச்சது யாரு?”

“நாங்க ஒண்ணும் ஒப்படைக்கலையே. புகார்தான் சொன்னோம்” என்றாள் தங்கை.

“வாயால சொன்னீங்கல்ல, அதுவே ஒப்படைச்ச கணக்கு. எங்க விதியில முதல் வரி அதுதான். முன்னாடியெல்லாம் எழுதி வாங்கிட்டிருந்தோம். எழுதச் சொன்னா ஜனங்க யோசிக்கிறாங்கம்மா. யோசிச்சா மாதிரி வரமாட்டேங்குது.”

பாலைத் தூக்குப் பாத்திரத்தோடு எடுத்து ஒரு டப்பாவில் ஊற்றி, நீல மூடி போட்டு, சீல் வைத்தார். அதோடு போய்விடுவார் என்று பார்த்தால், ஏணி கேட்டார். பால் வந்த இடத்தில் காற்றும் வேண்டுமாம். மாடியில் ஒரு இயந்திரத்தைப் பொருத்தி ஓட விட்டார். அது காற்றை உறிஞ்சிய உறிஞ்சில், அடுப்பிலிருந்து வந்த ரொட்டி வாசனை தெருவுக்குப் போகாமல் நேராக மாடிக்கு ஏறி இயந்திரத்துக்குள் இருந்த வடிகட்டும் தாளில் போய்ப் படிந்தது. வாசனை பிடித்து வருகிற வாடிக்கைக்காரர்கள் கடையைத் தாண்டிப் போய், தெருக்கோடியில் நின்று, திரும்பிப் பார்த்து, குழம்பி, வீட்டுக்குப் போனார்கள். அடுத்தது மண். வாசற்படிக்குக் கீழே ஒரு முழம் தோண்டினார். மிஞ்சி வந்தவர்கள் அதில் கால் தடுக்கினார்கள்.

மாப்பிள்ளை அடுப்போரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாக்காரர் அவரிடம் ஏதேதோ கேட்டார். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் அந்த ஒரு சரியும் நின்றுவிடும். மாவு பிசைந்த கையை முன்னால் நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றார்.

“ஐயா ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கிறாரு?”

வெளி ஆள், அதிகாரி, அவர் முன்னால் புருஷனைத் திட்டக் கூடாது என்று என் தங்கைக்கு அன்றைக்குப் பார்த்து நல்ல புத்தி வந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, ரொம்ப நாசூக்காகச் சொன்னாள்.

“அவரு ஒரு மாதிரிங்க. நீங்க கண்டுக்காதீங்க.”

டப்பாக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

“ஒரு மாதிரியா?”

“ஆமாங்க.”

“மனித மாதிரியா?”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். “மனுஷன்தாங்க. பாத்தா தெரியலையா?” என்றாள்.

அந்த மனிதர் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. “பாலும் காத்தும் எந்த நாயும் கொண்டுவந்துடும்மா. மனித மாதிரி கிடைக்கிறதுதான் கஷ்டம். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல்.” பையிலிருந்து ஒரு ஒட்டுத்தாளை எடுத்து மாப்பிள்ளையின் சட்டையில், சரியாக நெஞ்சின் மேல், தடவி ஒட்டினார். அதில் ஓர் அம்புக்குறி இருந்தது. பக்கத்தில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதியிருந்தது.

“குளிப்பாட்டாதீங்க. குலுக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க. முக்கியமா, சாய்க்காதீங்க. அம்பு எப்பவும் மேல பாத்துத்தான் இருக்கணும். நாளைக்கு வண்டி வரும்.”

“சரி” என்றார் மாப்பிள்ளை. எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது.

அன்று முழுக்க அவர் உட்காரக்கூட யோசித்தார். மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார். வாடிக்கைக்காரர்கள் வந்து அவர் நெஞ்சைப் படித்தார்கள். எதிர்வீட்டு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்து, “எந்தத் தேதி வரைக்கும் நல்லா இருப்பாருன்னு போடலையே” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். என் தங்கையும் சிரித்தாள். கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் வேனில் நாங்கள் மூவரும் ஏறினோம். மாப்பிள்ளையை நடுவில் நிற்க வைத்து இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தையை முட்டுக் கொடுத்தார் டப்பாக்காரர். காலடியில் எங்கள் பால் டப்பா.

“அங்க என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“அளப்போம்.”

“எப்படி?”

“வழக்கமான முறைதாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டல மையம் வெள்ளை ஓடு பதித்த கட்டடம். பினாயில் வாசனை. வாசல் கூடத்தின் சுவரில் ஒரு கதிர்வீச்சு மீட்டர், எப்போதாவது ஒரு தடவை, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல, டக் என்றது. மாப்பிள்ளை அதைக் கடந்து போனார். டக். தங்கை போனாள், நான் போனேன். டக். டப்பாக்காரர் பால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டகடகடகவென்று மீட்டர் கத்த ஆரம்பித்தது.

உள்ளேயிருந்து துணை இயக்குநர் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள். மீட்டரின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அது அடங்கவில்லை.

“பழசு. புதுசா ஏதாவது வந்தா இப்படித்தான் குதிக்கும். பார்வையாளருக்காக மாட்டி வெச்சிருக்கோம். மீட்டர் தானா சொல்றதையெல்லாம் நாங்க எடுத்துக்க முடியாது. முறைப்படி மாதிரி வந்து, முறைப்படி அளந்து, அப்புறம் சொன்னாத்தான் கதிர்வீச்சு.” பால் டப்பாவைப் பார்த்தார். முகம் சுருங்கியது. “என்னய்யா இது? நீல மூடி? பாலுக்கு வெள்ளை மூடி இல்ல? தள்ளுபடி. ஓரமா வை.”

டப்பாவைத் தாழ்வாரத்தில் ஓரமாக வைத்தார்கள். அந்தப் பக்கம் வந்த டீ போடுகிறவர், கேட்பாரில்லாமல் கிடந்த பாலைப் பார்த்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார். நான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் துணை இயக்குநர் ஒரு கதவைத் திறந்துவிட்டார், அதற்குப் பிறகு எனக்குப் பால் ஞாபகமே வரவில்லை.

அந்த அறையின் சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டு முழுக்க உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சின்ன குப்பிகள். குப்பிக்குள் சாம்பல். மூலையில் இரும்புக் கதவு போட்ட ஓர் உலை. அதன் நெற்றியில் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

“இது ஆத்து மீன்” என்று துணை இயக்குநர் ஒரு குப்பியை எடுத்து ஆசையாகக் காட்டினார். “இது தோட்டத்துக் கீரை. இது ஒரு முழுப் பூசணிக்காய், பாருங்க, எவ்வளவு அடக்கமா இருக்கு! உயிருள்ளதுலேருந்து வர்ற எந்த மாதிரியா இருந்தாலும் முதல்ல நறுக்கணும், அப்புறம் காய வைக்கணும், அப்புறம் சாம்பலாக்கணும், சலிக்கணும். அப்பதான் அளவு துல்லியமா வரும்.”

“உயிருள்ளதுன்னா…” என்றாள் தங்கை.

அவர் தட்டின் முனையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்தார். ஏற்கெனவே பெயர் ஒட்டித் தயாராக இருந்தது. ‘மனிதன். ரொட்டிக்கடை.’

நான் தங்கையின் கையைப் பிடித்தேன்.

“இவ்வளவு பெரிய மனுஷன் இதுக்குள்ள எப்படிங்க அடங்குவாரு?” என்றாள் அவள். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லைதான். அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

“அடங்கிடுவாரும்மா. எல்லாரும் அடங்கியிருக்காங்க.”

“எல்லாருமா?”

“எல்லா மாதிரியும்னு சொல்ல வந்தேன்.”

மாப்பிள்ளை உலையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். “எவ்வளவு சூடுங்க?” என்று கேட்டார். துணை இயக்குநர் சொன்னார். “ரொட்டிக்கு அதுல பாதி போதும்” என்றார் மாப்பிள்ளை.

“ரொட்டி வெந்தாப் போதும். இது வெண்சாம்பல் ஆகணும் இல்லையா?”

“சரி.”

“என்ன சரி? என்னங்க சரி?” என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள் தங்கை.

“அம்மா, குலுக்காதீங்க!” என்று டப்பாக்காரர் பதறி ஓடி வந்தார்.

அவளை இழுத்துக்கொண்டு நான் இயக்குநரின் அறைக்குப் போனேன். பக்கத்து அறைதான்; நடுக் கதவு திறந்தே இருந்தது, உலை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. இயக்குநர் பெரிய மேசைக்குப் பின்னால் பெரிய மனிதராக உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று வரவேற்றார். இப்படிப்பட்ட பண்பான ஆளிடம் உயிர்ப் பிச்சை கேட்பது மிகவும் கஷ்டம், நடுவில் நாம்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

“சார், இது தப்பு. ஏதோ பேச்சுல வந்த வார்த்தை” என்றேன்.

“தப்பா? பெரியவரே, இந்த வலையமைப்பு ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு தப்புகூட நடந்ததில்ல. நாட்டுல ஒரு இடத்துலயாவது கதிர்வீச்சு கூடியிருக்குன்னு எங்க அறிக்கையில நீங்க படிச்சிருக்கீங்களா? படிச்சிருக்க முடியாது. ஏன்னா எந்த மாதிரியிலயாவது கூடுதலா இருந்தா, அது மாசுபட்ட மாதிரின்னு உடனே தள்ளிடுவோம். மாசுபட்ட மாதிரியை வெச்சுக்கிட்டு மாசு இருக்கான்னு எப்படிப் பாக்கிறது? அறிவியல்ல சுத்தம் முக்கியம்.”

தங்கைக்கு அதில் ஒரு கிளை கிடைத்தது. தாவிப் பிடித்தாள். “அப்படின்னா இவரும் மாசுபட்டவருன்னு தள்ளிடுங்க சார்! குளிச்சுக்கூட ரெண்டு நாளாச்சு!”

“தள்ளலாமே. கண்டிப்பாத் தள்ளலாம். மாசுபட்டிருக்காரான்னு தெரியணும், அவ்வளவுதான்.”

“எப்படித் தெரியும்?”

“சாம்பலாக்கினா தெரிஞ்சிடும்.”

தங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அழாதீங்க” என்றார் இயக்குநர். “நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. ஒப்படைச்சவங்க அதே வாயால திரும்ப வாங்கிக்கலாம். விதியிலயே இடம் இருக்கு. உலை மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லணும். மணி அடிச்சா உள்ள வெச்சாகணும், சூடான உலை காத்திருக்காது. இன்னொண்ணு, சும்மா வேணாம்னு சொல்ல முடியாது. இது மனித மாதிரி இல்லன்னா வேற என்ன மாதிரின்னு நீங்கதான் தெளிவாச் சொல்லணும். வேற யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது.” என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அறுபது வருஷத்துப் பழக்கத்தை அப்படி மூடுவது எளிதாக இல்லை.

பின்னாலேயே வந்திருந்த துணை இயக்குநர் ஒரு பேனாவின் மூடியைக் கழற்றினார். மாப்பிள்ளையைக் கொண்டுவந்து உலைக்கு அருகே நிறுத்தினார்கள். சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

“சொல்லுங்கம்மா. பாத்து, நிதானமா.”

“அவரு ரொம்ப நல்லவருங்க” என்றாள் தங்கை. “சூது வாது தெரியாது. குழந்தை மாதிரிங்க.”

“குழந்தை மாதிரி.” துணை இயக்குநர் எழுதினார். “அதுக்குச் சின்ன உலை போதும். சீக்கிரம் ஆயிடும்.”

“ஐயோ, இல்ல! இல்ல!” அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். “குழந்தை இல்ல. அப்படிச் சொல்லல. யாரு எது சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டாரு. இப்பகூடப் பாருங்க, மரம் மாதிரி நிக்கிறாரு…”

“தாவர மாதிரி. நல்லதும்மா, அதுக்குத் தனி முறை இருக்கு. இலை வேற, தண்டு வேற, வேர் வேறன்னு பிரிச்சு எடுத்துட்டு…”

“வேண்டாம்!”

டப்பாக்காரர் ஏற்கெனவே கத்தரியை எடுத்து, தண்டு எங்கே தொடங்குகிறது என்று மாப்பிள்ளையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். புருவத்தை உயர்த்தினேன். அதைப் பார்த்து அவள் இன்னும் குழம்பிப் போனாள். பிறந்ததிலிருந்து பேசி வந்த மொழி அவளுக்குத் திடீரென்று கண்ணிவெடி புதைத்த தரையாகிவிட்டது. வாயைத் திறந்தாள், மூடினாள். எதைச் சொல்ல வந்தாலும் அதன் வாலில் அந்தச் சொல் தொங்கிக்கொண்டு வந்தது. உலை மேல் ஒரு விளக்கு மஞ்சளாக எரிந்தது.

“மணிக்கு முந்தின விளக்கு” என்று டப்பாக்காரர் மெதுவாக எனக்கு விளக்கினார். இரும்புக் கதவைத் திறந்தார். சூடு முகத்தில் அறைந்தது.

“கொஞ்சம் முன்னால வாங்க ஐயா” என்றார் துணை இயக்குநர்.

“சரி” என்று மாப்பிள்ளை ஓரடி முன்னால் வைத்தார்.

அவ்வளவுதான். அந்தச் சரிதான். அழுதுகொண்டிருந்தவளுக்கு அழுகை சுவிட்ச் போட்டதுபோல நின்றது. அதிகாரி, வெளி ஆள், நாசூக்கு எல்லாம் பறந்தது. கரண்டி கையில் இல்லாததால் துணை இயக்குநரின் பேனாவைப் பிடுங்கி மேசையில் ஓங்கித் தட்டினாள்.

“சரியா? உசுரோட கொளுத்தப் போறான், அதுக்கும் சரியா? நீங்கள்லாம் ஒரு மனுஷனா? என்னைக்காவது மனுஷன் மாதிரி இருந்திருக்கீங்களா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பாக்கிறேன், மனுஷன் மாதிரியே இல்ல!”

உலை மட்டும் முனகியது.

“அம்மா” என்றார் துணை இயக்குநர் மெல்ல. “மனுஷன் மாதிரி இல்லைங்கிறீங்களா?”

“இல்ல! எத்தனை தடவை சொல்றது? தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க, தினம் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்!”

“அப்ப மரம் மாதிரியா?”

“மரம்னா காத்தடிச்சா ஆடவாவது செய்யும்! எந்த மாதிரியும் இல்ல! எதுலயும் சேத்தி இல்லாத ஜென்மம்!”

துணை இயக்குநர் அவள் கையிலிருந்து பேனாவை மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுதினார். “எந்த மாதிரியும் இல்லை.” பிறகு மாப்பிள்ளையிடம் போய், நெஞ்சிலிருந்த ஒட்டுத்தாளை உரித்தார். சட்டையிலிருந்து கொஞ்சம் நூல் கூடவே வந்தது. “மன்னிக்கணும் ஐயா. நீங்க எதுவும் இல்ல. போகலாம்.”

இத்தனை வருஷத்தில் என் மாப்பிள்ளையிடம் யாராவது சொன்னதிலேயே அவருக்குப் பிடித்த வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பெண்டாட்டி மரியாதையாகப் பேசியதால் மாட்டிக்கொண்டவர், திட்டு வாங்கியதால் வெளியே வந்தார். அவர் அந்த இடத்திலேயே, தரையில், அம்புக்குறி பற்றிய கவலை இல்லாமல் மல்லாந்து படுத்தார்.

அப்போது மணி அடித்தது.

யாரும் நகரவில்லை. இரும்புக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஆரஞ்சு நிறம். காலிக் குப்பி தட்டில் காத்திருந்தது. துணை இயக்குநர் சங்கடத்தோடு இயக்குநரைப் பார்த்தார். “சார், மனித மாதிரி ஒண்ணு வருதுன்னு நேத்தே தலைமையகத்துக்குச் சொல்லிட்டோம். சூடான உலையைச் சும்மா ஆற விட்டா விளக்கம் கேப்பாங்க.”

“கேப்பாங்கதான்” என்றார் இயக்குநர்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

“பெரியவரே” என்று துணை இயக்குநர் அன்பாகக் கேட்டார், “நீங்க எப்படி இருக்கீங்க?”

என் வாழ்நாளில் இந்தக் கேள்விக்கு நான் ஒரு வரியில் பதில் சொன்னதே கிடையாது. முழங்காலில் ஆரம்பித்து முதுகு வழியாகப் போய் எதிர்வீட்டுக்காரரின் முழங்காலில்தான் முடிப்பேன். அன்றைக்கு நான் சொன்னது: “நல்லா இருக்கேன்.” அதற்கு மேல் ஓர் எழுத்து வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். நெற்றியிலிருந்து ஒரு துளி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

அந்தச் சமயம் பார்த்து டீ வந்தது. வாசல் கூடத்து மீட்டர் டகடகவென்று கத்தியது, யாரும் திரும்பவில்லை. டீ போடுகிறவர் தட்டோடு உள்ளே வந்து முதல் கோப்பையை இயக்குநருக்குக் கொடுத்தார். பேச்சு நீண்டதில் தாகமாக இருந்திருக்கும். பாதிக் கோப்பையை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அந்தக் கோணலை நான் முந்தின நாள் பார்த்திருந்தேன்.

அவர் ஒரு கையால் வயிற்றைத் தடவினார். இன்னொரு கையால் மேசையைப் பிடித்தார்.

“என்னய்யா டீ இது?” என்றார். “எனக்கு ஒரு மாதிரியா இருக்கே.”

டப்பாக்காரர் நிமிர்ந்தார். துணை இயக்குநர் பையிலிருந்து புதிதாக ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினார்.

“சார்,” என்றார், குரலில் அத்தனை மரியாதை. “ஒரு மாதிரியா?”

நாங்கள் மாப்பிள்ளையைத் தரையிலிருந்து கிளப்பிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தோம். பின்னால் இயக்குநர், “யோவ், நான் அந்த அர்த்தத்துல சொல்லலய்யா” என்று சொல்வது கேட்டது. அதைத்தான் நாங்களும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த அறிக்கை வந்தபோது தொலைக்காட்சியில் புது இயக்குநர் பேசினார். மெலிந்த மனிதர், பையில் வரிசையாகப் பேனாக்கள். நாட்டில் எங்கும் கதிர்வீச்சு கூடவில்லை என்றார். வலையமைப்பின் சேவையில் தன்னையே கரைத்துக்கொண்டவர் என்று பழைய இயக்குநரைப் பாராட்டினார். அவருக்குப் பின்னால் தட்டில் ஒரு குப்பி புதிதாகப் பளபளத்தது. எழுத்தைப் படிக்க எனக்குக் கண் பத்தவில்லை. நாங்கள் பால்காரரை மாற்றிவிட்டோம். அந்தப் பால் எந்த மாட்டிலிருந்து, அந்த மாடு எந்தப் புல்லைத் தின்று வந்தது என்று இன்றுவரை ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு என் தங்கையிடம், கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக என்று நினைக்கிறேன், ஒரு கேள்வி கேட்டார்.

“அங்க சொன்னியே. எதுலயும் சேத்தி இல்லன்னு. நெசமாத்தான் சொன்னியா?”

அவள் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நின்றது.

“அது கோவத்துல வந்தது. நெசமாச் சொல்லணும்னா, உங்க மா…”

பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலை எட்டிப் பார்த்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வேன் எதுவும் இல்லை. இருந்தாலும் உள்ளே வந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பெண்ணாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

“உங்களைப் போல் இன்னொருவர் இல்லை.”

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அப்படிப் புத்தகத்தமிழில் பேசியதில்லை. மாப்பிள்ளைக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

“சரி” என்றார்.

அன்றைக்கு அவள் திட்டவில்லை.